ஸ்டீயரிங் கோண சென்சார்: பழுதைக் கண்டறியும் முறை

காரின் ஸ்டீயரிங் எந்தப் பக்கம், எத்தனை டிகிரி திரும்பியிருக்கிறது என்று அளந்து சொல்லும் சிறு கருவிதான் ஸ்டீயரிங் கோண சென்சார். ஸ்டீயரிங் வளையத்துக்குக் கீழே, தண்டைச் சுற்றி, பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பதால் கார் வைத்திருப்பவர்களில் பலர் அதைப் பார்த்ததே இல்லை. கார் வழுக்கும்போது அதை நேர்படுத்தும் நிலைப்புக் கட்டுப்பாட்டு அமைப்பு, அதாவது இ.எஸ்.பி. அல்லது இ.எஸ்.சி., ஓட்டுநர் எந்தப் பக்கம் போக விரும்புகிறார் என்பதை இந்தச் சென்சார் வழியாகத்தான் தெரிந்துகொள்கிறது. சென்சார் தவறான அளவைச் சொன்னாலும், எதுவுமே சொல்லாமல் போனாலும், அந்த அமைப்பு வேலையை நிறுத்திக்கொண்டு டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கை ஏற்றிவிடும்.

விளக்கு எரிவதாலேயே சென்சார் கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட முடியாது. பலவீனமான பேட்டரி, தளர்ந்த கப்ளர், சரியாக முடிக்கப்படாத அலைன்மென்ட், சக்கர வேக சென்சார் என வேறு பல காரணங்களும் அதே விளக்கை ஏற்றும். அளந்து பார்க்காமல் பாகத்தை மாற்றினால் செலவும் வீண். பழுதும் அப்படியே இருக்கும். விளக்கைக் கண்டுகொள்ளாமல் ஓட்டுவது அதைவிட ஆபத்தானது. நாள்தோறும் ஓட்டும்போது எந்த வித்தியாசமும் தெரியாது. வழுக்கும் அந்த ஒரு நொடியில்தான் காப்பு இல்லை என்பது தெரியவரும்.

சாலையில் இதன் வேலை

சிதம்பரத்திலிருந்து கீரப்பாளையம், புவனகிரி வழியாகச் சேத்தியாத்தோப்பு போகும் சாலை, நெல்லும் கரும்பும் விளையும் வயல்களுக்கு ஊடே செல்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் டிராக்டர் சக்கரங்கள் வயல் களிமண்ணைத் தார்ச்சாலையில் அப்பிவிட்டுப் போகும். தை, மாசி அறுவடையில் வைக்கோல் சாலையிலேயே பரப்பிக் கிடக்கும். இரண்டிலும் டயருக்குப் பிடிமானம் குறைவு. அப்படியோர் இடத்தில் மணிக்கு 60, 70 கி.மீ. வேகத்தில் வரும் காரின் குறுக்கே ஓர் ஆடு ஓடினால், ஓட்டுநர் வலப்பக்கம் சட்டென்று ஒதுங்குவார். எதிரே வண்டி வருவதைப் பார்த்து உடனே இடப்பக்கம் திருப்புவார். இந்த இரண்டாவது திருப்பத்தில்தான் காரின் பின்பகுதி வழுக்கி வெளியே வீசும்.

இ.எஸ்.பி. அந்த நேரத்தில் இரண்டு அளவுகளை ஒப்பிடுகிறது. ஸ்டீயரிங் கோணத்தையும் காரின் வேகத்தையும் வைத்து, கார் எவ்வளவு திரும்ப வேண்டும் என்று கணக்கிடுவது ஒன்று. காரின் நடுப்பகுதியில் உள்ள யா சென்சார், கார் தன்னையே சுற்றி உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்று அளப்பது மற்றொன்று. இந்த ஒப்பீடு நொடிக்கு 25 முறை நடப்பதாக இதை உருவாக்கிய நிறுவனங்களில் ஒன்றான போஷ் சொல்கிறது. பின்சக்கரங்கள் வழுக்கிக் கார் அளவுக்கு மீறித் திரும்பினால், வளைவின் வெளிப்பக்க முன்சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடிக்கப்படும். முன்சக்கரங்கள் பிடி இழந்து கார் நேராகவே போனால், உட்பக்கப் பின்சக்கரத்துக்குப் பிரேக் கிடைக்கும். இன்ஜின் விசையும் குறைக்கப்படும். ஓட்டுநர் பிரேக்கை மிதிக்காமலேயே இவை நடக்கின்றன.

சென்சார் சொல்லும் எண்ணில் சிறு பிழை இருந்தாலும் என்ன ஆகும் என்பதை ஒரு கணக்கால் புரிந்துகொள்ளலாம். பல கார்களில் ஸ்டீயரிங்கை ஏறத்தாழ 15 டிகிரி திருப்பினால் முன்சக்கரம் 1 டிகிரி திரும்பும். முன், பின் சக்கரங்களுக்கு இடையே 2.5 மீட்டர் இடைவெளி உள்ள கார், முன்சக்கரம் 1 டிகிரி திரும்பிய நிலையில் சுமார் 143 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் செல்லும். மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு ஏறத்தாழ 6 டிகிரி திரும்புவதற்குச் சமம். டயர்களின் நெகிழ்வால் நடைமுறையில் இது சற்றுக் குறையும். சென்சார் 15 டிகிரி பிழையாகக் காட்டினால், நேர்சாலையில் போகும் காரை ஓட்டுநர் வளைக்க விரும்புவதாகவும், கார் திரும்ப மறுப்பதாகவும் கணினி புரிந்துகொள்ளும். அதை நம்பி ஒரு சக்கரத்துக்குப் பிரேக் பிடித்தால் அதுவே விபத்துக்குக் காரணமாகிவிடும். அதனால்தான் எல்லாச் சென்சார்களின் எண்களையும் ஒன்றோடொன்று உரசிப் பார்க்கும் சோதனை இ.எஸ்.பி. கணினிக்குள் ஓயாமல் நடக்கிறது. கணக்கு உதைத்தால் அது உதவியை நிறுத்திவிட்டு விளக்கை ஏற்றுகிறது.

வந்த வழி

போஷும் மெர்சிடிஸ்-பென்ஸும் சேர்ந்து உருவாக்கிய இ.எஸ்.பி. 1995-இல் எஸ்-கிளாஸ் வரிசைக் கார்களில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. போஷ் நிறுவனத்தில் இந்த வேலையை வழிநடத்திய பொறியாளர் ஆன்டன் வான் சான்டனுக்கு 2016-இல் ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருது வழங்கப்பட்டது. 1997 அக்டோபரில் ஸ்வீடனில் ஒரு பத்திரிகை நடத்திய சோதனையில், திடீரென ஒதுங்கித் திரும்பும்போது மெர்சிடிஸின் சிறிய காரான ஏ-கிளாஸ் கவிழ்ந்தது. அதன்பின் அந்த வகைக் கார்கள் அனைத்திலும் இ.எஸ்.பி. பொருத்தப்பட்டது. விலை உயர்ந்த கார்களுக்கு மட்டுமே என்றிருந்த வசதி சிறிய கார்களுக்கும் இறங்கி வந்தது அந்த நிகழ்வுக்குப் பிறகுதான்.

அமெரிக்காவில் 2012 மாடல் ஆண்டிலிருந்து எல்லாக் கார்களுக்கும், ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்து எல்லாப் புதிய கார்களுக்கும் இது கட்டாயம் ஆனது. இந்தியாவில், திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். 2019 ஏப்ரலிலிருந்து கட்டாயமானது. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் என்.சி.ஏ.பி. என்ற கார் பாதுகாப்பு மதிப்பீட்டில் 3 நட்சத்திரமோ அதற்கு மேலோ பெற இ.எஸ்.சி. இருந்தாக வேண்டும். இதனால் சிறிய கார்களிலும் இது பரவிவிட்டது. பெருநகர ஷோரூம்களில் மட்டும் கையாளப்பட்ட கோண சென்சார் பழுது இனி சிற்றூர்ப் பட்டறைகளின் வாசலுக்கும் வரும்.

சென்சாருக்கு உள்ளே

இந்தச் சென்சாரில் இரண்டு வகைகள் அதிகம் புழக்கத்தில் உள்ளன. முதலாவது ஒளி வகை. ஸ்டீயரிங் தண்டோடு சேர்ந்து சுற்றும் ஒரு தட்டில் வரிசையாகத் துளைகள் இருக்கும். ஒரு பக்கம் சிறு எல்.இ.டி. விளக்கு, மறுபக்கம் ஒளி உணரி. துளைகள் கடக்கும்போது ஒளி விட்டுவிட்டுத் தெரியும். அதை எண்ணிக் கோணம் கணக்கிடப்படுகிறது. இவற்றில் சில, நகர்ந்த அளவை மட்டும் எண்ணும். தொடக்கப் புள்ளி தெரியாது. பேட்டரியைக் கழற்றி மாட்டியதும் சில கார்களில் இ.எஸ்.பி. விளக்கு எரிவதும், ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்பிவிட்டுச் சற்றுத் தூரம் நேராக ஓட்டியதும் அணைந்துவிடுவதும் இதனால்தான். அது பழுது ஆகாது.

இரண்டாவது காந்த வகை. தண்டோடு சுற்றும் பெரிய பல்சக்கரம், காந்தம் பதித்த இரண்டு சிறு பல்சக்கரங்களைச் சுழற்றும். இந்த இரண்டின் பற்களின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்காது; அதனால் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழலும். பஞ்சாங்கத்தில் கிழமை 7 நாளுக்கு ஒருமுறையும் திதி 30-க்கு ஒருமுறையும் சுழல்வதால், ஒரே கிழமையும் ஒரே திதியும் மறுபடி சேர்ந்துவரப் பல மாதங்கள் ஆவது போல, இந்த இரண்டு பல்சக்கரங்களின் ஒரே சேர்க்கை ஸ்டீயரிங் பல சுற்று சுற்றிய பிறகுதான் திரும்பவும் வரும். ஆகவே சேர்க்கையைப் பார்த்தவுடன், ஸ்டீயரிங் எத்தனையாவது சுற்றில் எந்த டிகிரியில் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். பேட்டரியைக் கழற்றினாலும் இந்தக் கணக்கு மறக்காது.

அளந்த எண், கேன் எனப்படும் இரண்டு ஒயர் வலையமைப்பு வழியாக இ.எஸ்.பி. கணினிக்குப் போகிறது. பவர் ஸ்டீயரிங், வளைவில் திரும்பும் முகப்பு விளக்கு, ரிவர்ஸ் கேமராவின் வளையும் கோடுகள் ஆகியவையும் பல கார்களில் இதே எண்ணைப் பயன்படுத்துகின்றன. சில கார்களில் சென்சார் தனிப் பாகமாக இருக்காது. ஏர்பேக்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் கிளாக் ஸ்பிரிங்கோடோ, எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்கின் மோட்டார் பகுதியோடோ சேர்ந்தே வரும். பழுது பார்க்கத் தொடங்கும் முன் அந்தக் காரில் அது எங்கே இருக்கிறது என்பதை நிறுவனத்தின் பழுதுநீக்கும் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விளக்கு சொல்லும் செய்தி

வழுக்கிச் செல்லும் காரின் படம்தான் இ.எஸ்.பி. விளக்கு. ஓட்டும்போது அது விட்டுவிட்டு எரிந்தால் அமைப்பு வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஓட்டுநர் வேகத்தைக் குறைக்க வேண்டும். தொடர்ந்து எரிந்தால் பழுது. அதன் அருகே ‘ஆஃப்’ என்ற எழுத்தோடு எரிந்தால், யாரோ பொத்தானை அழுத்தி அமைப்பை நிறுத்தி வைத்திருக்கக்கூடும். பட்டறைக்குப் போகும் முன் அந்தப் பொத்தானை ஒருமுறை பார்த்துவிடலாம்.

கோண சென்சாரின் எண் தவறும்போது வேறு சில அறிகுறிகளும் கூடவே வரலாம். மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது கார் பின்னே உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்டு வேலை செய்யாது. பவர் ஸ்டீயரிங் விளக்கும் சேர்ந்து எரியலாம். ரிவர்ஸ் கேமராவின் கோடுகள், ஸ்டீயரிங் நேராக இருக்கும்போதும் வளைந்து நிற்கலாம். மிதமான வளைவில், டயர் வழுக்காதபோதே ஒரு பக்கம் பிரேக் பிடிப்பது போன்ற இழுப்பும் உறுமலும் தெரிந்தால், சென்சார் தவறான எண்ணைத் தருகிறது, கணினி அதை இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். அந்தக் காரை மெதுவாக ஓட்டி உடனே பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இ.எஸ்.பி. நின்றாலும் சாதாரண பிரேக் வேலை செய்யும். ஏ.பி.எஸ். விளக்கும் கூடவே எரிந்தால், திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வசதியும் இல்லை. சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் வண்டியை ஓரம் நிறுத்துவதே சரி.

முதலில் விசாரணை

நல்ல மெக்கானிக் ஸ்கேனரை எடுக்கும் முன் கேள்வி கேட்கிறார். விளக்கு எப்போது எரிந்தது? அதற்கு முன் காரில் என்ன வேலை நடந்தது? புதிய பேட்டரி, வீல் அலைன்மென்ட், முன்சக்கரத்தைத் திருப்பும் டை ராட் தண்டை மாற்றியது, ஸ்டீயரிங்கைக் கழற்றியது, ஏர்பேக் வேலை, பெரிய பள்ளத்தில் இறங்கியது, வெள்ளத்தில் நின்றது: இவற்றில் ஒன்று நடந்திருந்தால் தேடல் பாதியாகக் குறையும்.

கடலூர் மாவட்டத்தில் வெள்ளத்தைப் பற்றிய கேள்வியைத் தவிர்க்கவே முடியாது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015 நவம்பர் மழை, 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை ஒட்டிய தென்பெண்ணை வெள்ளம் என்று இந்த மாவட்டம் அடுத்தடுத்துத் தண்ணீரைப் பார்த்திருக்கிறது. காருக்குள் இருக்கை உயரம் வரை நீர் ஏறாவிட்டால் ஸ்டீயரிங் கோண சென்சாரை அது தொடுவதில்லை. தரை விரிப்புக்குக் கீழே ஓடும் ஒயரிங்கும் கப்ளர்களும், பல கார்களில் நடுவில் கியர் பகுதிக்கு அடியில் இருக்கும் யா சென்சாரும், வெளியே இருக்கும் சக்கர வேக சென்சார்களும்தான் முதலில் நனையும். பழைய வெள்ளக் காரில் இ.எஸ்.பி. விளக்கு எரிந்தால் தாழ்வாக உள்ளவற்றை முதலில் சந்தேகிக்க வேண்டும். பரங்கிப்பேட்டை, கிள்ளை போன்ற கடலோர ஊர்களில் நிற்கும் கார்களில் உப்புக் காற்றால் கப்ளர் முனைகளில் பச்சைப் பூப்பு படரும். வயலும் களமும் சூழ்ந்த ஊர்களில் எலி கடித்த ஒயர் வழக்கமான காரணங்களில் ஒன்று.

அடுத்து, ஸ்கேனர் வேண்டாத சோதனைகள். இன்ஜின் அணைந்த நிலையில் பேட்டரி மின்னழுத்தம் 12.4 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.7 வோல்ட் வரை காட்டும். ஸ்டார்ட் செய்யும்போது மின்னழுத்தம் அதிகமாகச் சரிந்தால் சென்சார்கள் ஒரு நொடி பேச்சிழந்து பழுதுக் குறியீட்டைப் பதிவு செய்துவிடும். ஃபியூஸ்களைப் பார்க்க வேண்டும். நான்கு டயர்களும் ஒரே அளவா, காற்று சரியா என்று பார்க்க வேண்டும். அளவு குறைந்த ஸ்டெப்னியை மாட்டியபடி ஓடும் காரில் ஒரு சக்கரம் மட்டும் வேகமாகச் சுழலும். கணினிக்கு அது கார் திரும்புவது போலத் தோன்றும். பிரேக் மிதிக்கும்போது பின்விளக்கு எரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். பிரேக் சுவிட்ச் கெட்டாலும் சில கார்களில் இதே விளக்கு எரியும்.

ஸ்கேனரில் பார்க்க வேண்டியவை

ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓ.பி.டி. சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகிப் படிப்பது அடுத்த படி. மலிவு விலை ஸ்கேனர்கள் பல இன்ஜின் குறியீடுகளை மட்டுமே படிக்கும். இந்த வேலைக்கு ஏ.பி.எஸ்., இ.எஸ்.பி., பவர் ஸ்டீயரிங் பிரிவுகளையும் திறந்து காட்டும் ஸ்கேனர் தேவை. குறியீடுகளை அழிக்கும் முன் எழுதி வைத்துக்கொள்வது கட்டாயம். அழித்துவிட்டுத் தேடினால் துப்பே இல்லாமல் போகும்.

குறியீடுகள் மூன்று வகையாகப் பிரியும். முதல் வகை, சென்சாரிடமிருந்து செய்தியே வரவில்லை என்பது. யு0126 இதைச் சேர்ந்தது. இது வந்தால் மின்சாரம், எர்த், கேன் ஒயர்களை முதலில் பார்க்க வேண்டும். இரண்டாவது, செய்தி வருகிறது, ஆனால் நம்பும்படி இல்லை என்பது; யு0428 அப்படிப்பட்டது. மூன்றாவது, சென்சாருக்கு மையப்புள்ளி கற்பிக்கப்படவில்லை என்பது. ஹூண்டாய், கியா கார்களில் சி1259 மின்சுற்றுப் பழுதையும், சி1260 சிக்னல் பழுதையும், சி1261 மையம் கற்பிக்கப்படாததையும் குறிக்கின்றன. இந்த மூன்றாவது குறியீடு மட்டும் இருந்தால் புதிய சென்சார் வாங்கத் தேவையில்லை. மையத்தைக் கற்பிக்கும் காலிப்ரேஷன் செய்தாலே போதும்.

குறியீடு என்பது எங்கே தேட வேண்டும் என்ற குறிப்பு மட்டுமே. உறுதிப்படுத்துவது ஸ்கேனரின் நேரடி அளவுகள். கார் சமதளத்தில் நிற்க, இன்ஜின் ஓட, ஸ்டீயரிங் கோணத்தைத் திரையில் வைத்துக்கொண்டு சில சோதனைகளைச் செய்யலாம்.

முதலாவது மையம். முன்சக்கரங்கள் நேராக இருக்கும்போது எண் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். சில டிகிரி விலகலைப் பல நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. சரியான வரம்பு கையேட்டில் இருக்கும்.

இரண்டாவது கோடிகள். இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்கு 3 சுற்று வரும் காரில், மையத்திலிருந்து ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 540 டிகிரி காட்ட வேண்டும். ஒரு பக்கம் 560, மறுபக்கம் 520 என்றால் மையம் 20 டிகிரி தள்ளியிருக்கிறது. மொத்தமே குறைவாக இருந்தால் சென்சார் சில இடங்களை எண்ணாமல் விடுகிறது. இடப்பக்கத்துக்குக் கூட்டல் குறியா, கழித்தல் குறியா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

மூன்றாவது ஓட்டம். ஸ்டீயரிங்கை மிக மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பிக்கொண்டே திரையை வரைகோடாகப் பார்க்க வேண்டும். கோடு சீராக ஏற வேண்டும். ஒரே இடத்தில் ஒவ்வொரு முறையும் எண் துள்ளினாலோ உறைந்து நின்றாலோ சென்சாரின் உட்பகுதி கெட்டிருப்பதற்கு அது வலுவான சான்று. துள்ளல் இடம் மாறி மாறி வந்தாலோ, ஸ்டீயரிங் தண்டின் உயரத்தை மாற்றும்போது வந்தாலோ, ஒயரையும் கப்ளரையும் சந்தேகிக்க வேண்டும்.

இதன்பின் ஒரு சிறு ஓட்டம். ஒருவர் ஓட்ட, மற்றொருவர் திரையைப் பார்க்க வேண்டும். போக்குவரத்து இல்லாத நேர்சாலையில் மணிக்கு 30, 40 கி.மீ. வேகம் போதும். நேராகப் போகும்போது ஸ்டீயரிங் கோணம், யா அளவு, பக்கவாட்டு முடுக்கம் மூன்றும் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். நான்கு சக்கர வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். மழைநீர் வடியச் சாலை இடப்பக்கம் சற்றுச் சரிந்திருக்கும் என்பதால், இடதுபுறம் ஓட்டும்போது ஸ்டீயரிங்கை ஓரிரு டிகிரி வலப்பக்கம் பிடிப்பது இயல்பு. அதைப் பழுது என்று எண்ணக்கூடாது. பிறகு மெல்ல ஒரு வளைவு. ஸ்டீயரிங், யா, இடது வலது சக்கர வேகங்களின் வித்தியாசம் ஆகிய மூன்றும் ஒரே திசையைச் சொல்ல வேண்டும். மூன்றில் இரண்டு ஒத்துப்போய் ஒன்று மட்டும் முரண்பட்டால் குற்றவாளி அந்த ஒன்றுதான். யா சென்சார் மட்டும் விலகி நின்றால், குறியீட்டில் ஸ்டீயரிங் சென்சாரின் பெயர் இருந்தாலும் பழுது அதில் இருக்க வாய்ப்பில்லை.

நான்கு சக்கர வேகங்களில் ஒன்று குறைந்த வேகத்தில் மறைந்து மறைந்து வந்தால், அந்தச் சக்கரத்தின் சென்சாரையும் காந்த வளையத்தையும் பார்க்க வேண்டும். அண்மையில் வீல் பேரிங் மாற்றியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பேரிங்கின் காந்த வளையம் உள்ள பக்கத்தை மாற்றிப் பொருத்திவிட்டால் சென்சார் எதையும் படிக்காது.

ஒயரைச் சோதித்தல்

செய்தி வரவில்லை என்ற குறியீட்டுக்கு மல்டிமீட்டர் தேவை. சென்சாரின் கப்ளரில் பேட்டரியின் அளவுக்கு மின்சாரம் வருகிறதா, எர்த் உறுதியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மீட்டரில் 12 வோல்ட் காட்டும் ஒயர், பாரம் ஏறியதும் சரியக்கூடும். ஒரு சிறிய பல்பை இணைத்துப் பார்த்தால் ஒயர் உண்மையிலேயே மின்சாரம் தாங்குகிறதா என்பது புலப்படும்.

கேன் ஒயர்கள் இரண்டும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு ஓடும். வலையமைப்பின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டு ஒயர்களுக்கும் நடுவே அளந்தால் சுமார் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு ஒயர்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. பல கார்களில் இதை ஓ.பி.டி. சாக்கெட்டின் 6, 14 எண் முனைகளிலேயே அளக்கலாம். புதிய கார்களில் நடுவில் கேட்வே கணினி இருந்தால் அந்த அளவு சென்சார் இருக்கும் வலையைக் காட்டாது; அப்போது சென்சாரின் கப்ளரிலேயே அளக்க வேண்டும். மின்சாரம், எர்த், கேன் மூன்றும் சரியாக இருந்தும் செய்தி வரவில்லை என்றால்தான் சென்சார் கெட்டது என்று சொல்லலாம்.

அலைன்மென்ட்டும் காலிப்ரேஷனும்

இந்தப் பழுதில் அதிகம் தவறு நடக்கும் இடம் வீல் அலைன்மென்ட். ஒரு பள்ளத்தில் இறங்கி டை ராட் லேசாக வளைந்ததாக வைத்துக்கொள்வோம். இப்போது கார் நேராகப் போக ஸ்டீயரிங்கை 8 டிகிரி திருப்பிப் பிடிக்க வேண்டும். சென்சாரும் உள்ளதை உள்ளபடி 8 டிகிரி என்று காட்டும். டை ராடைச் சரிசெய்து, முறையாக அலைன்மென்ட் செய்தால் ஸ்டீயரிங்கும் நேராகும், எண்ணும் பூஜ்யத்துக்கு வரும்.

குறுக்குவழிகள் இரண்டு. ஸ்டீயரிங்கைக் கழற்றிப் பல் மாற்றி மாட்டினால் வளையம் நேராகத் தெரியும். கீழே தண்டில் உள்ள சென்சார் அதே பிழையோடு நிற்கும். அலைன்மென்ட்டைத் தொடாமல், அந்த 8 டிகிரியையே மையம் என்று காலிப்ரேஷன் செய்தால் விளக்கு அணையும், கோணல் ஒளிந்துகொள்ளும். பின்னொரு நாள் யாராவது அலைன்மென்ட் செய்து கோணலை நீக்கும்போது, சரியாக இருக்கும் சென்சார் 8 டிகிரி பிழையாகிவிடும். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் டயர், சஸ்பென்ஷன், டை ராட்; பிறகு அலைன்மென்ட்; கடைசியில் காலிப்ரேஷன். ஸ்கேனர் வசதி இல்லாத கடையில் அலைன்மென்ட் செய்தால், சென்சாரின் மையத்தை வேறோர் இடத்தில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

காலிப்ரேஷன் சில நிமிட வேலை. சமதளத்தில் காரை நிறுத்தி, முன்சக்கரங்களையும் ஸ்டீயரிங்கையும் நேராக வைத்து, இக்னிஷனைப் போட்டு, ஸ்கேனரில் ஸ்டீயரிங் கோண சென்சாரின் காலிப்ரேஷனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது முடியும்வரை ஸ்டீயரிங்கை அசைக்கவும் காரில் ஏறி இறங்கவும் கூடாது. சில கார்களில் யா, பக்கவாட்டு முடுக்க அளவுகளுக்கும் சேர்த்தே பூஜ்யம் பதிவாகும். அந்நேரத்தில் கார் சற்றுச் சாய்ந்த தரையில் நின்றாலும் பிழை பதிந்துவிடும். காலிப்ரேஷன் ஏற்கப்படாமல் திரும்பத் திரும்பத் தோற்றால், சக்கரம் நேராக இல்லை அல்லது சென்சாரே பழுது என்று பொருள்.

மாற்ற வேண்டி வந்தால்

சென்சாரை எடுக்க ஸ்டீயரிங்கைக் கழற்ற வேண்டும். அதற்கு ஏர்பேக்கை முதலில் எடுக்க வேண்டும். ஏர்பேக்கில் வெடிபொருள் உள்ளது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்த பிறகே அதைத் தொட வேண்டும். இது வீட்டு வாசலில் செய்யும் வேலை அல்ல. பயிற்சி பெற்ற மெக்கானிக் செய்ய வேண்டியது. கழற்றிய ஏர்பேக்கை, பேட் உள்ள பக்கம் மேலே இருக்கும்படி வைக்க வேண்டும். கிளாக் ஸ்பிரிங்கை மையத்தில் வைத்து மாட்டாவிட்டால், முழுத் திருப்பத்தில் அதன் உள் நாடா அறுந்து ஹாரனும் ஏர்பேக்கும் செயலிழக்கும்.

பாகத்தின் எண் காரின் மாடலோடும் ஆண்டோடும் ஒத்திருக்க வேண்டும். உடைத்த வண்டியிலிருந்து எடுத்த பழைய சென்சார் வெளியே ஒன்றுபோலத் தெரிந்தாலும், அனுப்பும் செய்தியின் வடிவம் வேறாக இருந்தால் கணினி அதை ஏற்காது. புதியதைப் பொருத்திய பின் சில கார்களில் கோடிங்கும், எல்லாக் கார்களிலும் காலிப்ரேஷன் சோதனையும் தேவை.

வேலை முடிந்ததும் குறியீடுகளை அழித்து, மையம், கோடிகள், நேர்சாலை, வளைவு என அதே சோதனைகளை மறுபடி செய்து பார்க்க வேண்டும். சில ஸ்டார்ட்டுகளுக்குப் பின்னும் குறியீடு திரும்பி வரவில்லை என்றால்தான் பழுது நீங்கியது. கார் உரிமையாளர் பட்டறையில் மூன்றைக் கேட்டுப் பெறலாம்: வேலைக்கு முன் இருந்த குறியீடுகள், வேலைக்குப் பின் நேர்சாலையில் காட்டிய ஸ்டீயரிங் கோணம், காலிப்ரேஷன் முடிந்ததற்கான திரைப்பதிவு. ஸ்கேனர் திரையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டால் போதும். அடுத்த முறை அதே விளக்கு எரிந்தால் தேடலை எங்கிருந்து தொடங்குவது என்பதை அந்தப் படங்களே சொல்லும்.